புதுப்பிப்பு பில் வந்ததும் ஹோஸ்டிங்கை மாற்றலாமா?

"போன வருஷம் கட்டுனதைவிட மூணு மடங்கு கேக்குறாங்க, வேற கம்பெனிக்கு மாறிடலாமா?" சின்னத் தொழில்களுக்கு வெப்சைட் பராமரிக்கும் வேலையில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவரின் கோபம் நியாயமானது. ஆனாலும் பதில் சொல்வதற்கு முன் அந்த பில்லை அனுப்பச் சொல்லி வரி வரியாகப் பார்ப்பேன்.

ஹோஸ்டிங்கோடு (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடத்துக்கான வாடகை) டொமைன் (தளத்தின் பெயர்) புதுப்பிப்பு, டொமைன் பிரைவசி (பதிவு செய்தவரின் விவரத்தை மறைப்பது), எஸ்எஸ்எல் (தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பாதுகாக்கும் சான்றிதழ்), தினசரி பேக்கப், மால்வேர் ஸ்கேன் என்று பலதும் அதில் சேர்ந்திருக்கும். சிலது முதல் வருடம் இலவசமாக வந்தவை, சிலது வாங்கும்போதே டிக் அடித்து வைக்கப்பட்டிருந்தவை. சாதாரண தளம் ஒன்றுக்கு எஸ்எஸ்எல்லைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கமற்ற சேவை 2015 கடைசியிலிருந்தே அதை இலவசமாகக் கொடுக்கிறது. இந்த மாதிரித் தேவையற்ற வரிகளை எடுத்தாலே பில் நன்றாகக் குறைந்து, மாறும் யோசனையையே சிலர் கைவிட்டிருக்கிறார்கள்.

அப்படியும் மாறத்தான் வேண்டும் என்றால், விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் மாத விலையை விட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் மூன்று, நான்கு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டுபவருக்கான அறிமுக விலை. மூன்று வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். முதல் நிறுவனம் முதல் வருடம் 100, அடுத்த வருடங்களில் 300 கேட்கிறது, பேக்கப்புக்கும் மெயிலுக்கும் தனியாக வருடம் 90 என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்தில் 970. இன்னொன்று எல்லாம் சேர்த்து வருடம் 220 கேட்டால் 660தான். முதல் வருடத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டாவதுதான் விலை அதிகமாகத் தெரியும். புதுப்பிப்பு விலையை ஆர்டர் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்திலோ, விதிமுறைகளிலோ போட்டிருப்பார்கள். எங்கும் கிடைக்கவில்லையா, சேல்ஸ் சாட்டில் கேட்டு பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

'அன்லிமிடெட்' என்ற சொல்லை நம்பி யாரும் காசு கட்ட வேண்டாம். இடத்துக்கு வரம்பு இல்லை என்பார்கள், ஆனால் எத்தனை ஃபைல் வைக்கலாம், சர்வரின் சிபியுவை (கணிக்கும் திறனை) எவ்வளவு பயன்படுத்தலாம், ஒரு மணி நேரத்தில் எத்தனை மெயில் என்பதற்கெல்லாம் வரம்பு உண்டு. பழைய மெயில்களும், தளம் வேகமாகத் திறக்கச் சேமித்து வைக்கும் கேஷ் ஃபைல்களும் குவிந்தே ஃபைல் எண்ணிக்கை நிரம்பிவிடும். 99.9 சதவீத அப்டைம் (தளம் இயங்கும் நேரம்) என்றாலும் மாதம் சுமார் 43 நிமிடம் தளம் நின்றுபோக இடம் உண்டு. அதற்கு மேல் நின்றால் கட்டணத்தில் ஒரு பங்கைத்தான் கிரெடிட்டாகத் தருவார்கள், இழந்த வியாபாரத்துக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

பேக்கப்பைப் பற்றிக் கேட்கும்போது அது எந்த இடத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுவதுமாக எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் பலர் அதையும் சேர்த்து இழந்தார்கள். யாரிடம் ஹோஸ்டிங் வாங்கினாலும் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும்.

தளம் மெதுவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மாறுவதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். சுருக்காமல் ஏற்றிய பெரிய படங்களும் வேர்டுபிரஸ்ஸில் (தளம் கட்டும் மென்பொருள்) குவிந்த பிளகின்களும் (கூடுதல் வசதிகளுக்கான நிரல்கள்) புது சர்வரிலும் அதே வேலையைத்தான் செய்யும். மாறியே ஆக வேண்டிய காரணங்கள் வேறு. தளத்தை இயக்கும் பிஎச்பி மொழியில், 2022 நவம்பரோடு ஆதரவு முடிந்த 7.4 பதிப்புக்கு மேல் போக வழியில்லை, தளம் விழுந்தால் சப்போர்ட்டில் ஆள் இல்லை, டொமைனை வேறு இடத்துக்கு மாற்ற ஆத் கோடு (அந்த மாற்றத்துக்குத் தேவையான ரகசியக் குறியீடு) கேட்டால் இழுத்தடிக்கிறார்கள். இதில் ஒன்று இருந்தாலும் விலை குறைவு என்று அங்கேயே இருக்காதீர்கள்.

மாறும்போது தளத்தைவிட மெயில்தான் அதிகம் அடிவாங்கும். நேம்சர்வரை (டொமைனின் முகவரிப் பதிவுகள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் அமைப்பு) மாற்றியதும் தளம் புது இடத்தில் அழகாகத் திறக்கும், எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். பழைய டிஎன்எஸ்ஸில் (அந்த முகவரிப் பதிவுகளின் பட்டியல்) இருந்த எம்எக்ஸ் (உங்களுக்கு வரும் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்வது), எஸ்பிஎஃப், டிகிம் (நீங்கள் அனுப்பும் மெயில் போலி அல்ல என்று காட்டுபவை) பதிவுகளைப் புது இடத்தில் போடாமல் விட்டிருந்தால், வாடிக்கையாளர் அனுப்பும் ஆர்டர் மெயில் வந்து சேராது, நீங்கள் அனுப்புவது ஸ்பாமுக்குப் போகும். "ரெண்டு நாளா ஒரு மெயிலும் வரலையே" என்று யாராவது கேட்கும் வரை தெரியவும் தெரியாது. அதனால் முதலில் அந்தப் பதிவுகள் எல்லாவற்றையும் நகல் எடுங்கள். டிடிஎல்லை (அந்தப் பதிவுகளை மற்ற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும் என்ற அளவு) முந்தின நாளே 300 நொடிக்குக் குறைத்துவிடுங்கள். நேம்சர்வரை மாற்றும் முன், உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (அந்தக் கணினிக்கு மட்டும் டொமைனின் முகவரியைச் சொல்லும் ஃபைல்) புது சர்வரின் ஐபி முகவரியைப் போட்டு, தளத்தில் ஃபார்ம் நிரப்பி, பேமென்ட் வரை போய்ப் பாருங்கள். மெயில் பெட்டியும் பழைய சர்வரில் இருந்தால் பழைய மெயில்களைத் தனியாக நகர்த்த வேண்டும், அவை தானாக வராது.

டொமைனை இதே நேரத்தில் மாற்ற வேண்டியதில்லை. ஹோஸ்டிங் ஒரு இடத்தில், டொமைன் இன்னொரு இடத்தில் இருப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. இருக்கிற இடத்திலேயே டொமைனைப் புதுப்பித்துவிட்டு, தளம் நிலைகொண்ட பிறகு நிதானமாக நகர்த்தலாம். பழைய ஹோஸ்டிங்கை மட்டும் இன்னும் ஒரு மாதமாவது உயிரோடு வைத்திருங்கள். அதற்கு ஏற்ற மாதிரி, புதுப்பிப்புத் தேதிக்கு ஆறு வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். அப்புறம், ரத்து செய்யும்போது அந்தக் கணக்கிலிருந்த ஆட்டோ ரெனியூவலையும் சேமித்து வைத்த கார்டையும் நீக்கிவிட்டு வெளியே வாருங்கள்.