சிக்கன் சோறு சாப்பிட்ட குட்டிக்கு எலும்பு ஏன் உடைந்தது?

நாலரை மாத லாப்ரடார் குட்டி. சோபாவிலிருந்து குதித்ததாம், அதற்கப்புறம் பின்னங்காலை ஊன்றவில்லை என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். சோபா என்ன, முழங்கால் உயரம்கூட இருக்காது. எக்ஸ்ரேயில் தொடை எலும்பு, பச்சைக் குச்சியை வளைத்து ஒடித்த மாதிரி மடிந்திருந்தது. அதைவிட எனக்குக் கவலை தந்தது வேறு. படத்தில் எந்த எலும்புமே வெள்ளையாகத் தெரியவில்லை. எலும்பு எது, சுற்றியிருக்கும் தசை எது என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

"என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

கூட வந்த பாட்டி பெருமையாகச் சொன்னார்: "கடைத் தீனியே கிடையாது டாக்டர். தினமும் எலும்பில்லாத கோழிக்கறி, சோறு, கேரட். உப்பு, காரம் எதுவும் போடமாட்டேன். எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கே தினம் கறி கிடையாது!"

பாட்டி சொன்னதில் பிழை ஒரே சொல்லில் இருந்தது. 'எலும்பில்லாத.'

நூறு கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம் இருக்கும். கால்சியமோ 10 மில்லிகிராமை ஒட்டித்தான். சோற்றிலும் இதே கதை, கால்சியம் பேருக்குத்தான். நாய்க்கு வேண்டியது தலைகீழ்க் கணக்கு: பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் அதைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். காட்டில் வேட்டையாடும் விலங்கு கறியோடு எலும்பையும் கடித்துத் தின்பதால் அந்தக் கணக்கு தானாகச் சரியாகிவிடுகிறது. நாம் அன்பாக எலும்பை எடுத்துவிட்டுக் கறியை மட்டும் போடுகிறோம்.

உணவில் கால்சியம் வராவிட்டாலும் இதயம் துடிக்கவும் தசை இயங்கவும் ரத்தத்தில் அது ஒரே அளவில் இருந்தாக வேண்டும். அதனால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி, எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து ரத்தத்துக்கு அனுப்பச் சொல்கிறது. வளரும் குட்டியில் இது வாரக் கணக்கிலேயே தெரிந்துவிடும். ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இந்தக் குட்டிக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் கால்சியம் 'நார்மல்'. அந்தத் தாளை நீட்டி, "அப்புறம் எப்படி டாக்டர் குறைபாடு?" என்று கேட்டார் பாட்டியின் மகன். எலும்பை அரித்து எடுத்து ரத்தத்தை நார்மலாக வைத்திருந்தது அதன் உடம்பு.

"தினமும் மொட்டைமாடியில் வெயில் காட்டுகிறோமே" என்றும் சொன்னார்கள். நமக்குச் சரி. நாயின் தோல் வெயிலிலிருந்து போதிய வைட்டமின் டி தயாரிக்காது. அதுவும் தட்டிலிருந்துதான் வர வேண்டும்.

இதைப் படித்துவிட்டு உடனே மருந்துக்கடைக்குப் போய் கால்சியம் டானிக் வாங்கிவிடாதீர்கள். நான் பார்க்கும் இன்னொரு கூட்டம் அது. கடையில் விற்கும் பப்பி ஃபுட்டும் கொடுத்து, அதன் மேல் கால்சியம் சிரப்பும் ஊற்றுவார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு, வேண்டாத கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது, வருவதையெல்லாம் உறிஞ்சும். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரிப் பெரிய இனங்களில் அதனாலும் எலும்பு வளர்ச்சி கோணலாகும். வளரும் குட்டிக்கு வீட்டுச் சமையலை நான் பரிந்துரைப்பதே இல்லை. ஒரு வயது வரை பப்பி ஃபுட், அப்புறம் உங்கள் அடுப்பு. என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எலும்புதானே வேண்டும், போட்டுவிட்டால் போச்சு என்று கோழிக்கடையில் 'நாய்க்கு வேஸ்ட்' வாங்குகிறவர்கள் உண்டு. கழுத்து, கால், தோல், எலும்பு எல்லாம் ஒரு பையில், மலிவாக. மஞ்சள்தூள் போட்டு அரிசியோடு வேகவைத்து ஊற்றுவது நம் ஊர் வழக்கம். வெந்த கோழி எலும்பு கடித்தால் சிராய் சிராயாகப் பிளக்கும். தொண்டையில், குடலில் குத்தும். குத்தாவிட்டாலும் சுண்ணாம்புக் கட்டி போல இறுகி, நாய் மலம் கழிக்க முடியாமல் முக்கிக்கொண்டு வரும். அந்தத் தோலின் கொழுப்பு கணையத்தை வீங்க வைக்கும். பண்டிகைக்கு மறுநாள் வாந்தியோடு, முதுகை வளைத்து நிற்கும் நாய் வந்தால், "நேற்று பிரியாணி வைத்தீர்களா?" என்பதே என் முதல் கேள்வி.

சோற்றைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நாய்க்கு மாவுச்சத்தே ஆகாது என்பது தவறு. ஓநாயிடம் இரண்டே பிரதியாக இருக்கும் மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு, பெரும்பாலான வீட்டு நாய்களிடம் பல பிரதிகளாகப் பெருகியிருப்பதை 2013-ல் கண்டறிந்தார்கள். நம்மோடு வாழ்ந்து நம் சோற்றுக்குப் பழகிய பிராணி அது. ஆனால் வெறும் தயிர் சாதமும் பால் பிஸ்கட்டும் ஒரு நாயின் தசைக்குக் காணாது. சைவ வீடு என்றால் முட்டைக்காவது சம்மதியுங்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் சம்மதித்துவிடுவார்கள், 'நாய்க்குத் தனிப் பாத்திரம்' என்ற நிபந்தனையோடு.

பத்து கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி போதும். சமைப்பதற்கு முன் எடை போட்டால் அரிசி 75 கிராம், தோலும் எலும்பும் நீக்கிய கோழிக்கறி 180 கிராம், ஒரு முட்டை, பூசணி, கேரட், பீன்ஸ் என்று 80 கிராம், ஒரு டீஸ்பூன் எண்ணெய், ஒரு சிட்டிகை அயோடின் உப்பு. இரண்டு வேளையாகப் பிரியுங்கள். கால்சியத்துக்கு முட்டை ஓடு. கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைக்க வேண்டும். அந்தத் தூளில் அரை டீஸ்பூன் இந்த அளவுக்குப் போதும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் கோழிக்குப் பதில் மத்தி மீனைக் குக்கரில் முள் மசியும்வரை வேகவைத்துப் போட்டால் வைட்டமின் டி-யும் கிடைக்கும். ஈரல் நல்லதுதான், ஆனால் வைட்டமின் ஏ அதில் எக்கச்சக்கம். வாரம் ஒரு சின்னத் துண்டோடு நிறுத்துங்கள்.

இத்தனை செய்தும் துத்தநாகம், வைட்டமின் ஈ போன்றவை குறைவாகவே இருக்கும். அதற்கு ஒரு சப்ளிமென்ட் தேவை. எது, எவ்வளவு என்பதை உங்கள் நாயைப் பார்க்கும் மருத்துவர் சொல்லட்டும். 2013-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர், நாய்க்கான 200 சமையல் குறிப்புகளைப் புத்தகங்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 95 சதவீதத்தில் அத்தியாவசியச் சத்து ஒன்றாவது குறைந்தது. என் குறிப்பையும் அந்தச் சந்தேகத்தோடே பாருங்கள். சிறுநீரக நோயுள்ள நாய்க்கு இது பொருந்தவே பொருந்தாது.

நம் குழம்புச் சட்டியிலிருந்து அப்படியே எடுத்து வைக்க வேண்டாம். சாம்பாரின் சின்ன வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும். ஒருநாள் ஒரு வாய் பெரிதில்லை, தினமும் சாம்பார் சாதம் என்பதுதான் சிக்கல். கேசரி, பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று இப்போது கருதுகிறார்கள். அந்த அமிலம் புளியில் ஏராளம். ஆகவே புளியோதரையும் வேண்டாம்.

அந்தக் குட்டியைச் சில வாரங்கள் கூண்டுக்குள் ஓய்வாக வைத்து, உணவை மாற்றினோம். எலும்பு கூடியது. முன்னங்கால்களில் லேசான வளைவு மட்டும் நின்றுவிட்டது, இனி அது போகாது. இப்போது ஒன்றரை வயது. பாட்டி மறுபடி அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். போன மாதம் தடுப்பூசிக்கு வந்தபோது ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்தார். உள்ளே முட்டை ஓட்டுத் தூள். "இவ்வளவு நைஸா இருந்தா போதுமா டாக்டர்?" என்றார். விரலால் தேய்த்துப் பார்த்தேன், கொஞ்சம் நறநறத்தது. டீ வடிகட்டியில் ஒருமுறை சலித்துவிடச் சொன்னேன்.