‘எடுத்துப் பார்த்தேன், வந்தது’: அந்த முதல் பணம் எதற்கும் சான்று ஆகாது

கிரிப்டோவில் பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு, அந்தப் பணம் எந்த வாலட் முகவரியிலிருந்து எந்த முகவரிக்குப் போனது என்று தடம் பார்த்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு கேள்வி மனப்பாடம் ஆகியிருக்கும். “நான் கண்ணை மூடிக்கொண்டு போடவில்லையே. முதலில் கொஞ்சமாகப் போட்டு, எடுத்துப் பார்த்துவிட்டுத்தானே போட்டேன்?” அண்மையில் வந்த கோப்பிலும் இதே கேள்வி. கணக்கு வழக்கில் கவனமான மனிதர். லாபம் தருவதாகச் சொன்ன ஒரு போலி வர்த்தகத் தளத்தில் 100 யுஎஸ்டிடி (ஒன்று ஒரு டாலர் மதிப்பில் நிற்கும்படி வெளியிடப்படும் கிரிப்டோ நாணயம்) போட்டார், மூன்று நாளில் 112 ஆனது, எடுத்தார், வாலட்டுக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் சேமிப்பு முழுவதும் போயிருக்கிறது. பிறகு கடன் வாங்கியும் போட்டிருக்கிறார்.

இனி ஒருவர்கூட இந்தக் கேள்வியோடு வரக்கூடாது என்ற ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

அந்த 112 யுஎஸ்டிடி எங்கிருந்து வந்தது? எல்லாப் பரிவர்த்தனையும் பதிவாகும் பொதுப் பதிவேடான பிளாக்செயினில் எல்லாம் வெளிப்படையாகவே கிடக்கிறது. அந்தப் பதிவேட்டைத் தேடிப் பார்க்கும் ட்ரான்ஸ்கேன் அல்லது ஈதர்ஸ்கேன் தளத்தில் பரிவர்த்தனை ஐடியைப் போட்டால் அனுப்பிய முகவரி தெரியும். அந்த முகவரியின் வரலாற்றைத் திறந்தால் பெரும்பாலும் இப்படி இருக்கும்: சில மணி நேரம் முன்பு யாரோ ஒருவர் ஒரு எக்ஸ்சேஞ்சிலிருந்து (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) எடுத்து அங்கே அனுப்பியிருப்பார். அதிலிருந்து 112 உங்களுக்கு வரும். மீதி வேறொரு முகவரிக்குப் போய், அங்கே இன்னும் பலருடைய பணத்தோடு சேர்ந்துவிடும். நீங்கள் முதலில் போட்ட 100 எங்கே போனது என்று பாருங்கள். போய்ச் சேர்ந்த சில நிமிடங்களில் அதுவும் அதே சேகரிப்பு முகவரிக்கு நகர்ந்திருக்கும். எந்த வர்த்தகமும் நடக்கவில்லை. வாங்கல் இல்லை, விற்றல் இல்லை, லாபமும் இல்லை. நேற்று ஏமாந்தவரின் பணத்தில் 12 யுஎஸ்டிடி உங்களுக்கு லாபமாக வந்திருக்கிறது. உங்கள் சேமிப்பிலிருந்து நாளை ஏமாறப் போகிறவருக்கு இதேபோல் போகும்.

அந்தக் கும்பலுக்கு இது விளம்பரச் செலவு. நீங்கள் எடுத்துப் பார்ப்பீர்கள் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். பல நேரங்களில் அவர்களே “கொஞ்சம் எடுத்துப் பாருங்கள், நம்பிக்கை வரட்டும்” என்று தூண்டுவார்கள். எத்தனாவது முறை வரை கொடுப்பது, எவ்வளவுக்கு மேல் போனால் மறிப்பது என்பதெல்லாம் அவர்களிடம் முன்கூட்டியே எழுதி வைத்த திட்டம். சிறு தொகை வந்தால் பெருந்தொகையும் வரும் என்று எண்ணுவதற்கு ஒரு காரணமும் இல்லை. 100ஐத் திருப்பிக் கொடுப்பதால் அவர்களுக்கு ஆதாயம். 50,000ஐத் திருப்பிக் கொடுத்தால் தொழிலே இல்லை.

“ஆனால் செயலியில் விலை சரியாகத்தானே ஓடியது? மற்ற தளங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேனே?” இது அடுத்த கேள்வி. பார்த்தது சரி, விலையும் சரி. பெரிய எக்ஸ்சேஞ்சுகள் தங்கள் விலைத் தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாக விடுகின்றன. அந்த வரைபடத்தை ஒரு போலித் தளத்தில் ஒட்டுவது அரை நாள் வேலை. வரைபடம் உண்மை, உங்கள் ‘ஆர்டர்’ பொய். நீங்கள் ‘வாங்கு’ என்று அழுத்துவது எந்தச் சந்தைக்கும் போவதில்லை. திரையில் தெரியும் இருப்பு ஒரு தரவுத்தளத்தில் உள்ள எண். அட்மின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். அதனால்தான் இருப்பைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட் 200 கொண்டு வந்தாலும் எங்களுக்கு அதனால் பயன் குறைவு. 64 எழுத்துள்ள ஒரே ஒரு பரிவர்த்தனை ஐடி போதும், வேலையைத் தொடங்கிவிடலாம்.

பெருந்தொகையை எடுக்கப் போகும்போது என்ன நடக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் கதை மாறுவதே இல்லை. “லாபத்துக்கு வரி கட்ட வேண்டும்.” “பணமோசடித் தடுப்புச் சோதனைக்கு 10 விழுக்காடு வைப்பு.” “வாலட் முகவரியில் ஓர் எழுத்துப் பிழை, கணக்கு உறைந்துவிட்டது, உறைநீக்கக் கட்டணம்.” “விஐபி நிலைக்கு உயர்த்தினால் உடனே கிடைக்கும்.” ஒன்றைக் கட்டினால் அடுத்தது வரும். இதற்கு ஒரே பதில்தான்: “என் இருப்பிலிருந்து கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்.” உண்மையான எக்ஸ்சேஞ்சுகள் கட்டணத்தை எடுக்கும் தொகையிலிருந்துதான் கழிக்கும். சட்டப்படி வரி பிடிக்க வேண்டிய இடத்திலும் கழித்துத்தான் பிடிப்பார்கள். உங்கள் பணத்தைத் தர, வெளியிலிருந்து புதிதாகப் பணம் அனுப்பச் சொல்கிறார்கள் என்றால் உள்ளே பணமே இல்லை. தயவுசெய்து அந்தக் கணத்தில் நிறுத்துங்கள். கட்டியது போகட்டும் என்று விட மனம் வராது, தெரியும். ஆனால் ஒரு குடும்பம் மொத்தமாக முடங்குவது பெரும்பாலும் முதலில் போட்ட பணத்தால் இல்லை, அதை மீட்கக் கட்டிய ‘வரி’யால்.

சரி, சோதிக்கவே முடியாதா? முடியும். பணம் எடுத்துப் பார்ப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சோதியுங்கள்.

பணம் எப்படி உள்ளே போகிறது என்று முதலில் பாருங்கள். முறையான எக்ஸ்சேஞ்சில் உங்கள் கணக்குக்கென ஒரு டெபாசிட் முகவரி செயலிக்குள்ளேயே இருக்கும். ‘வாடிக்கையாளர் சேவை’ டெலிகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ ஒவ்வொரு முறையும் புது முகவரி தருகிறது என்றால் கடையைக் கட்டுங்கள். தளத்தின் பெயருக்குத் தொடர்பே இல்லாத தனிநபர் வங்கிக் கணக்குகளுக்கு, இன்று ஒன்று நாளை ஒன்று என்று அனுப்பச் சொன்னாலும் அப்படியே. அவை வாடகைக்கு எடுத்த கணக்குகள். “உங்கள் வங்கிக் கணக்கைக் கொடுங்கள், வரும் பணத்தை மாற்றி அனுப்பினால் கமிஷன்” என்று வரும் வீட்டிலிருந்தபடி வேலை இதற்குத்தான். அதில் சேர்ந்தவர் முதலீட்டாளர் கணக்கில் வர மாட்டார். போலீஸ் வரும்போது அவர் பெயர்தான் முதலில் இருக்கும்.

செயலி எப்படி வந்தது? இணைப்பை அனுப்பி ஏபிகே கோப்பாக (ஆண்ட்ராய்டு செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) இறக்கச் சொன்னார்களா? ஐபோனில் சோதனைச் செயலிகளுக்கான டெஸ்ட்ஃப்ளைட் வழியாகவோ, அமைப்புகளுக்குள் போய் ஒரு புரொஃபைலை ‘நம்பு’ என்று அழுத்தியோ நிறுவச் சொன்னார்களா? வேறெதையும் ஆராய வேண்டாம், அங்கேயே விலகிவிடுங்கள். பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ இருக்கும் செயலி என்பதாலேயே நல்லது என்றும் ஆகிவிடாது, அங்கும் போலிகள் புகுந்திருக்கின்றன.

உரிமம் காட்டினால் அந்த ஒழுங்குமுறை அமைப்பின் தளத்துக்கு நீங்களே போய்த் தேடுங்கள். அவர்கள் தரும் இணைப்பில் போகாதீர்கள். நிறுவனப் பெயர் பொருந்தினால் போதாது, பதிவேட்டில் உள்ள இணைய முகவரி எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். உண்மையான நிறுவனத்தின் பெயரையும் உரிம எண்ணையும் திருடி வைப்பது வெகு சாதாரணம். இன்னொன்று: நிதிக் குற்றங்களைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் ஃபின்சென் அமைப்பில் ‘எம்எஸ்பி’ (பணச் சேவைத் தொழில்) பதிவு இருக்கிறது என்று சான்றிதழைப் பளபளவென்று காட்டுவார்கள். அது வெறும் பதிவு. படிவத்தை நிரப்பினால் கிடைத்துவிடும். அந்த அமைப்பே இது ஒப்புதலும் இல்லை, பரிந்துரையும் இல்லை என்றுதான் சொல்கிறது. தளத்தின் டொமைன் எப்போது பதிவானது என்பதை, பதிவு விவரம் காட்டும் ஹூஇஸ் தேடலில் பாருங்கள். “பத்தாண்டுப் பாரம்பரியம்” பேசும் தளத்தின் முகவரி மூன்று மாதத்துக்கு முன் பதிவாகியிருக்கும்.

ஓட்டல்களுக்கு நட்சத்திரம் போடு, வீடியோவுக்கு லைக் போடு என்ற ‘டாஸ்க்’ வேலைகளும் இதே இயந்திரம்தான். முதல் நாள் சிறு தொகை வரும். பிறகு ‘கூட்டு ஆர்டர்’ என்று ஒன்று விழுந்து இருப்பு மைனஸ் காட்டும். அதை நிரப்பினால்தான் மொத்தமும் கிடைக்கும் என்பார்கள். நிரப்பியதும் அதைவிடப் பெரிய மைனஸ். குழுவில் “எனக்கு வந்துவிட்டது” என்று படம் போடும் முப்பது பேரும் அவர்கள் ஆட்கள்தான். வேலை கொடுப்பவர் சம்பளம் தருவார். வேலை செய்ய உங்களிடம் பணம் கேட்க மாட்டார்.

லாப விகிதத்தைக் கையால் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் ஒன்று இருந்தாலே பாதிப் பேர் தப்பித்துவிடுவார்கள். ‘நாளுக்கு 1 விழுக்காடுதான்’ என்பது அடக்கமாகத் தெரிகிறது. லாபத்தையும் சேர்த்தே மறுமுதலீடு செய்தால் 365 நாளில் ஏறத்தாழ 38 மடங்கு. 2 விழுக்காடு என்றால் 1,377 மடங்கு. இப்படிச் சம்பாதிக்கும் ‘ட்ரேடிங் பாட்’ (தானாக வர்த்தகம் செய்யும் மென்பொருள்) ஒருவரிடம் இருந்தால் அவருக்கு உங்கள் 100 எதற்கு? பிட்கனெக்ட் என்ற கிரிப்டோ முதலீட்டுத் திட்டம் இப்படி ஒரு பாட் இருப்பதாகச் சொல்லித்தான் வசூலித்தது. 2018 ஜனவரியில் கடையை மூடியபோது அதன் நாணயம் சில மணி நேரத்தில் மதிப்பு இழந்தது. அமெரிக்க நீதித்துறை சொன்ன மோசடித் தொகை 240 கோடி டாலர். ஒன்காயின் என்ற இன்னொரு மோசடி நாணயத்துக்கு உண்மையான பிளாக்செயினே கிடையாது. அதை நடத்திய ரூஜா இக்னாடோவா 2017இல் தலைமறைவானார், 2022இல் எஃப்பிஐயின் மிகவும் தேடப்படும் பத்துப் பேர் பட்டியலில் சேர்க்கப்பட்டார். இரண்டிலும் கடைசி வரை எல்லோருடைய திரையிலும் இருப்பு ஏறிக்கொண்டேதான் இருந்தது.

மோசடியே இல்லாத கிரிப்டோவும் பாதுகாப்பானது என்று நினைத்துவிட வேண்டாம். பிட்காயின் 2021 நவம்பரில் 69,000 டாலர் அருகே போனது, ஓராண்டில் 16,000க்கும் கீழே வந்தது. ஒரு டாலர் மதிப்பில் நிலையாக இருக்கும் என்ற டெராயுஎஸ்டி நாணயத்தை ஆங்கர் என்ற சேமிப்புத் தளத்தில் வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு வட்டி என்றார்கள். 2022 மே மாதம் சில நாட்களில் அது சரிந்தது. அதே ஆண்டு ஜூனில் செல்சியஸ் என்ற கிரிப்டோ கடன் நிறுவனம் வாடிக்கையாளர்கள் பணம் எடுப்பதை நிறுத்தியது, நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் திவால் ஆனது. ஆகவே வாங்கித்தான் தீருவேன் என்றால், மொத்தமும் போனாலும் வாடகைக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு வராத தொகைக்கு மட்டும் வாங்குங்கள். கடன் வாங்கி வாங்காதீர்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

சொந்த வாலட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சில சொற்கள். வாலட்டைத் திறக்கும் ரகசியச் சாவியான, 12 அல்லது 24 சொற்கள் கொண்ட சீட் ஃப்ரேஸ்தான் வாலட். அதைத் தாளில் எழுதி வையுங்கள். படம் எடுக்காதீர்கள், மின்னஞ்சலில் போடாதீர்கள். எந்த ‘சப்போர்ட்’ கேட்டாலும், எந்த இணையப் பக்கம் ‘சரிபார்க்க’ச் சொன்னாலும் தட்டச்சு செய்யாதீர்கள். சிலர் தங்கள் சீட் ஃப்ரேஸையே பொதுவில் போட்டு, “என் வாலட்டில் யுஎஸ்டிடி இருக்கிறது, எடுக்கத் தெரியவில்லை, உதவுங்கள்” என்பார்கள். அதைத் திறந்தால் பணம் உண்மையாகவே இருக்கும், அனுப்பும் கட்டணம் கட்டத் தேவையான டிஆர்எக்ஸ் (ட்ரான் நெட்வொர்க்கின் நாணயம்) மட்டும் இருக்காது. ஆசைப்பட்டு டிஆர்எக்ஸ் அனுப்புகிறவர் அதை இழப்பார், ஏனென்றால் அந்த வாலட்டின் அனுப்பும் உரிமை ஏற்கெனவே வேறொரு முகவரிக்கு மாற்றப்பட்டிருக்கும்.

இலவச டோக்கன் தருகிறோம் என்னும் தளத்தில் வாலட்டை இணைத்து ‘அப்ரூவ்’ கொடுத்தால், உங்கள் யுஎஸ்டிடியை அளவில்லாமல் எடுக்கும் அனுமதியைக் கொடுத்திருக்கலாம். அன்றே எடுக்க மாட்டார்கள். இருப்பு பெருகும் வரை காத்திருந்து எடுப்பார்கள். ‘டிஸ்கனெக்ட்’ அழுத்தினால் அந்த அனுமதி போகாது. பிளாக்செயினிலேயே அதை ரத்து செய்யும் பரிவர்த்தனை ஒன்றைப் போட வேண்டும். ட்ரான்ஸ்கேன், ஈதர்ஸ்கேன் போன்ற எக்ஸ்ப்ளோரர் தளங்களில் ‘டோக்கன் அப்ரூவல்’ என்ற பக்கத்தில் அதைச் செய்யலாம், சிறு கட்டணம் ஆகும்.

முகவரியைப் பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து நகலெடுக்கவே கூடாது. நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியின் முதல் சில, கடைசிச் சில எழுத்துகள் ஒத்திருக்கும்படி போலி முகவரி உருவாக்கி, அதிலிருந்து பூஜ்யத் தொகை அனுப்பி உங்கள் பட்டியலில் இடம்பிடிப்பார்கள். 2024 மே மாதம் ஒருவர் இப்படி ஏறத்தாழ 6.8 கோடி டாலர் மதிப்பை ஒரே அழுத்தில் தவறாக அனுப்பினார். முனைகளை மட்டும் பார்க்காமல் நடுவிலும் ஐந்தாறு எழுத்தைப் பாருங்கள்.

ஏற்கெனவே பணம் போய்விட்டதா? அவர்களிடம் சண்டை போடாதீர்கள், மிரட்டாதீர்கள், அரட்டையை அழிக்காதீர்கள். டெலிகிராமில் அவர்கள் தங்கள் பக்கத்திலிருந்தே இருவருக்குமாக அழித்துவிட முடியும், எனவே உடனே முழு அரட்டையையும் ஏற்றுமதி செய்து வையுங்கள். அனுப்பிய ஒவ்வொரு பரிவர்த்தனையின் ஐடி, நேரம், பெற்ற முகவரி, எந்த நெட்வொர்க் (ட்ரானா, ஈதீரியமா) என்று எழுதுங்கள். நீங்கள் எந்த எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பினீர்களோ அங்கும், வங்கிக்கும், சைபர் குற்றப் பிரிவுக்கும் அன்றே புகார் கொடுங்கள். பிட்காயினை யாராலும் முடக்க முடியாது. ஆனால் யுஎஸ்டிடியை அதை வெளியிடும் டெதர் நிறுவனம் காவல்துறையின் கோரிக்கையின் பேரில் முகவரியிலேயே முடக்க முடியும். திருடிய பணம் ஓர் எக்ஸ்சேஞ்சுக்குள் போனால் அவர்களும் நிறுத்திவைக்க முடியும். இதெல்லாம் மணிக்கணக்கில் நடக்க வேண்டிய காரியம். வெட்கப்பட்டு மூன்று மாதம் கழித்து வருகிறவருக்கு எங்களால் பெரும்பாலும் பணம் போன வழியின் ஒரு வரைபடத்தைத்தான் கொடுக்க முடிகிறது.

புகார் கொடுத்த சில நாளில் இன்னொருவர் உங்களைத் தேடி வருவார். ஹேக்கர் என்பார், வழக்கறிஞர் என்பார், “உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்கக் கட்டணம்” என்பார். உங்கள் பெயரும் இழந்த தொகையும் அவருக்குத் தெரிந்திருக்கும், ஏனென்றால் முதலில் ஏமாற்றியவர்களே அந்தப் பட்டியலை விற்றிருப்பார்கள், அல்லது இவரும் அவர்களில் ஒருவராக இருப்பார். உறுதியான பரிவர்த்தனையைப் பின்னோக்கி இழுக்கும் வழி யாரிடமும் இல்லை. அவருக்கு ஒரு காசும் அனுப்பாதீர்கள். அவர் பேசிய எண்ணையும் தந்த முகவரியையும் முதல் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள், பல நேரங்களில் தடம் அங்கேதான் கிடைக்கிறது.