பெயரை மாற்றிவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா?

என் ஆய்வறிக்கை ஒன்று வெளியாகி இரண்டு வாரம் இருக்கும். ஒரு தொலைபேசி அழைப்பு. "மேடம், பன்னிரண்டாம் பக்கத்துல இருக்கிறது நான்தானே?"

அவர்தான். பெயரைப் போடவில்லை, 'பங்கேற்பாளர் 7' என்றுதான் எழுதியிருந்தேன். ஆனால் கூடவே "இரவுப் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அனுபவமுள்ள பெண் மேற்பார்வையாளர்" என்று ஒரு குறிப்பும் இருந்தது. அந்த நிறுவனத்தில் அப்படிப்பட்டவர் ஒருவர்தான். மேலதிகாரியைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன நான்கு வாக்கியங்களை அந்த மேலதிகாரியே படித்துவிட்டார். வேலை போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவரைக் கூட்டங்களுக்கு அழைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி, கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், பூட்டிய அலமாரி என்று கேட்டதெல்லாம் என்னிடம் சரியாக இருந்தது.

ஆய்வு நெறிமுறை என்று பாடம் எடுக்கும்போது நாஜி மருத்துவர்கள் மீதான விசாரணையில் பிறந்த 1947-இன் நியூரம்பர்க் நெறிமுறையில் தொடங்குவோம். அப்புறம் அமெரிக்காவின் டஸ்கீகி ஆய்வு: சிபிலிஸ் நோயாளிகளுக்கு நோயைச் சொல்லாமல், மருந்து வந்த பிறகும் கொடுக்காமல், 1932 முதல் 1972 வரை வேடிக்கை பார்த்த கொடுமை. அதன் விளைவாக 1979-இல் வந்த பெல்மான்ட் அறிக்கையின் மூன்று கொள்கைகள்: மனிதருக்கு மதிப்பு, நன்மை செய்தல், நீதி. மாணவர்கள் மரியாதையாகக் குறித்துக்கொள்வார்கள். யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "நாங்க யாருக்கும் ஊசி போடலையே, கேள்விதானே கேக்கறோம்?"

நியாயமான கேள்விதான். ஆனால் சமூக அறிவியலில் பெரும்பாலான காயங்கள் பேச்சு வெளியே கசிவதால் வருபவை.

1958-இல் ஆர்தர் விடிச், ஜோசப் பென்ஸ்மன் இருவரும் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றைப் பற்றிய ஆய்வை நூலாக வெளியிட்டார்கள். ஊருக்கு 'ஸ்பிரிங்டேல்' என்று புனைபெயர், ஆட்களுக்கும் புனைபெயர். தனிநபர் யாரும் வெளியே தெரிய மாட்டார்கள் என்று ஆய்வுத் திட்டத்தின் சார்பில் ஊராருக்கு வாக்கும் கொடுக்கப்பட்டிருந்தது. தூரத்து வாசகருக்கு யாரையும் தெரியவில்லை, உண்மைதான். ஊர்க்காரர்களுக்கோ ஒவ்வொருவரையும் தெரிந்தது. சுதந்திர தின ஊர்வலத்தில் எரு இறைக்கும் வண்டியொன்றில் ஆய்வாளரின் உருவபொம்மையை ஏற்றிப் பதிலடி கொடுத்தார்கள்.

நாம் கற்பனை செய்துகொள்ளும் வாசகர் எப்போதும் தூரத்தில் இருக்கிறார். பங்கேற்பாளர் பயப்படுவதோ அடுத்த மேசைக்காரரை, மாமியாரை, சங்கத் தலைவரை. மார்ட்டின் டோலிக் என்ற சமூகவியலாளர் 2004-இல் இதற்கு 'உள்வட்ட ரகசியம்' என்ற பொருளில் ஒரு பெயர் கொடுத்தார். கணவனையும் மனைவியையும் தனித்தனியாகப் பேட்டி எடுத்து இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைத்தால், மனைவி தன் வாக்கியத்தை அடையாளம் காண்பார். அதற்கு அடுத்த வாக்கியம் யாருடையது என்பதும் அவருக்குப் புரிந்துவிடும்.

இப்போது அறிக்கையை அனுப்பும் முன் ஒவ்வொரு மேற்கோளையும் அந்த அடுத்த மேசைக்காரரின் கண்ணால் படித்துப் பார்க்கிறேன். வயது, பதவி, பிள்ளைகளின் எண்ணிக்கை, அனுபவம் என்று தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, சேர்ந்தால் ஆள். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு என்ற மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்கர்களில் சுமார் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று 1990-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து லடான்யா ஸ்வீனி காட்டினார். ஆகவே வாதத்துக்குத் தேவைப்படாத விவரத்தை எடுத்துவிடுகிறேன். ஒருவரின் பேச்சை இரண்டு மூன்று பங்கேற்பாளர் எண்களுக்குப் பிரித்துவிடுவதும் உண்டு. அப்படிச் செய்ததை முறையியல் பகுதியில் சொல்லிவிட வேண்டும். சிக்கலான பத்தி என்றால் சம்பந்தப்பட்டவரிடமே காட்டிவிடுகிறேன். இணையத்தில் எழுதியவரை அப்படியே மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்த வரியைத் தேடுபொறியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பெயரும் படமுமாக வந்து நிற்பார்.

ஒப்புதல் படிவத்தில் "நீங்கள் சொல்வது யாருக்கும் தெரியாது" என்று எழுதுவதை நான் விட்டுவிட்டேன். பாஸ்டன் கல்லூரியின் வட அயர்லாந்து வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தில் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம், நீங்கள் உயிரோடு இருக்கும்வரை பேட்டி வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். 2011-இல் பதிவுகளைக் கேட்டுச் சம்மன் வந்தது. வழக்குப் போராட்டத்துக்குப் பிறகு ஒரு பகுதி ஒலிப்பதிவுகள் காவல்துறையின் கைக்குப் போயின. நீதிமன்றம் கேட்டால் நம் வாக்கு நிற்குமா என்பதைப் பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் பேசாமல் இருக்க முடியாது என்பதையும் அப்படியே. குழு உரையாடலில் இன்னும் ஒன்று: நான் வாயை மூடிக்கொள்வேன், சுற்றி உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேருக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது.

சில ஆய்வுகளில் கையெழுத்தே ஆபத்து. ஒருவரை நம் ஆய்வோடு இணைக்கும் ஒரே சான்று அந்தப் படிவம்தான் என்றால் அதை எதற்கு வைத்திருக்க வேண்டும்? நெறிமுறைக் குழுவிடம் காரணம் சொல்லி, வாய்மொழி ஒப்புதலுக்கு அனுமதி வாங்கலாம். கைபேசியில் பதிவு செய்கிறவர்கள் அந்தக் கோப்பு தானாக எந்த இணையச் சேமிப்புக் (கிளவுட்) கணக்குக்குப் போகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். என் குழுவில் ஒருவருடைய நேர்காணல்கள் குடும்பத்தோடு பகிர்ந்த கணக்கில் ஏறிக்கொண்டிருந்தன.

ஒப்புதல் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது, ஒரு மேலாளர் பணியாளர்களை ஒவ்வொருவராக என் அறைக்கு அனுப்பிய நாள். "சார் போகச் சொன்னார்" என்று வந்து உட்கார்ந்தார்கள். படிவத்தை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் அனுமதி கொடுத்தது எனக்கல்ல, மேலாளருக்கு. அன்று மதியம் முறையை மாற்றினேன். எல்லோரும் அறைக்குள் இருபது நிமிடம் இருக்கலாம். பேச விரும்பினால் பேசலாம், இல்லையென்றால் சும்மா உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். யார் பேசினார், யார் பேசவில்லை என்பது கதவுக்கு வெளியே தெரியாது. பதினொரு பேரில் நான்கு பேர் தேநீர் மட்டும் குடித்தார்கள். காலையில் வந்தவர்களின் படிவங்களை என்ன செய்வது என்று யோசித்து, மறுநாள் திரும்பக் கேட்டேன். இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள்.

விலகலாம் என்று எழுதினால் மட்டும் போதாது, எந்தத் தேதிவரை என்றும் எழுத வேண்டும். அச்சுக்குப் போன பின் யாரும் விலக முடியாது.

பங்கேற்பாளர் 7-ஐ நேரில் போய்ப் பார்த்தேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். பன்னிரண்டாம் பக்கத்தை விரித்து, ஒரு விரலை வைத்துக் காட்டினார். "நான் சொன்னதையெல்லாம் நீங்க போட்டிருக்கலாம் மேடம், தப்பில்ல. இந்த வருஷக் கணக்கை மட்டும் எடுத்திருக்கலாம்." இணையப் பிரதியில் அன்றே எடுத்துவிட்டேன். அச்சிட்ட பிரதிகள் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தன.