மெயில் சர்வர் மாறிப்போன ஒன்பது நாட்கள்

கடலூர் முதுநகரில் மீன் வியாபாரம் செய்யும் ஓர் அலுவலகத்தின் கணக்கு சர்வரைப் புதுச்சேரியில் இருந்தபடி நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் ஓடுவது லினக்ஸின் ஒரு வகையான டெபியன். இரவில் பேக்கப் ஓடும். பிழை வந்தால் மட்டும், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் எனக்கு மெயில் அனுப்பும். ஒருமுறை ஒன்பது நாட்கள் மெயிலே வரவில்லை; எல்லாம் நல்லபடியாக ஓடுகிறது என்று இருந்துவிட்டேன். பேக்கப் டிஸ்க் நிரம்பி, ஒன்பது இரவும் எதுவும் சேமிப்பாகவில்லை. அதைச் சொல்ல வேண்டிய மெயில், அந்த சர்வருக்குள்ளேயே கிடந்தது.

அங்கே வேலை பார்க்கும் தம்பி ஒருவர், பிஎச்பி மொழியில் எழுதிய இணையப் படிவத்திலிருந்து மெயில் போகவில்லை என்று தானே சரிசெய்யப் பார்த்திருக்கிறார். பிஎச்பி அமைப்பில் ‘சென்ட்மெயில் பாத்’ என்று ஒரு வரி உண்டு. அதைப் பார்த்துவிட்டு, மெயில் அனுப்பும் மென்பொருளான சென்ட்மெயிலின் பேக்கேஜ்தான் (நிறுவுவதற்கான தொகுப்பு) இல்லைபோல என்று இணையத்தில் கிடைத்த கட்டளையை, கடைசியில் இருந்த ‘ஒய்’ குறியோடு அப்படியே ஒட்டிவிட்டார். சென்ட்மெயில் உள்ளே வந்தது, அதே வேலைக்கு நான் அமைத்துவைத்திருந்த போஸ்ட்ஃபிக்ஸ் வெளியே போனது. “சார், அது என்னை ஒண்ணுமே கேக்கலையே” என்றார். உண்மைதான். அந்தக் குறி இருந்தால், டெபியனில் மென்பொருளை நிறுவி நீக்கும் ஆப்ட் எதையும் கேட்காது.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பெயரே குழப்புகிறது. எரிக் ஆல்மன் 1980-களின் தொடக்கத்தில் எழுதிய சென்ட்மெயில் பரவலாகிவிட, மெயில் அனுப்ப வேண்டிய புரோகிராம்கள் எல்லாம் அந்தப் பெயரைக் கூப்பிடப் பழகிவிட்டன. 1995-இல் அதே வேலையைச் செய்யும், பிலிப் ஹேசலின் எக்ஸிம் வந்தது. 1998-இல் வீட்சே வெனமாவின் போஸ்ட்ஃபிக்ஸ் வெளியானது. பழைய புரோகிராம்கள் தடையில்லாமல் ஓட வேண்டுமே என்று இரண்டும் அதே பெயரில், அதே இடத்தில் ஒரு கட்டளையை வைத்தன. ஆக, சர்வரில் ‘சென்ட்மெயில்’ என்ற கோப்பு இருப்பதும் சென்ட்மெயில் என்ற மென்பொருள் இருப்பதும் வேறு வேறு. பிஎச்பிக்குக் கோப்பு மட்டும் போதும். அது போஸ்ட்ஃபிக்ஸிலேயே இருந்தது.

ஒரே கோப்புக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடினால் என்ன செய்வது? டெபியன் இதற்கு ‘மெயில் டிரான்ஸ்போர்ட் ஏஜென்ட்’ என்று ஒரு பொதுப் பெயர் வைத்திருக்கிறது. அந்த வேலையைச் செய்யும் ஒவ்வொரு பேக்கேஜும் ‘இந்தப் பெயரை நான் தருகிறேன்’ என்றும், ‘இதே பெயரைத் தரும் வேறு எதனோடும் முரண்படுகிறேன்’ என்றும் அறிவிக்கும். தன் அறிவிப்போடு தானே முரண்படாது என்பது விதி. எனவே முரண் என்று டெர்மினலில் வருவது பிழை அல்ல. ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்ற ஏற்பாடு. இதைப் பிழையென்று நினைத்து, ஆப்டுக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜியை ‘ஃபோர்ஸ்’ போட்டு அடக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒன்றின் கோப்பை மற்றொன்று மேலெழுதிவிடும், மெயில் வந்து சேரும் வாசலான 25-ஆம் போர்ட்டுக்கும் இரண்டும் அடித்துக்கொள்ளும், அதற்குப் பின் ஆப்ட் எதை நிறுவச் சொன்னாலும் முரண்டு பிடிக்கும்.

மாற்றத்தான் வேண்டுமென்றால், பழையதை முதலில் நீக்காதீர்கள். மெயில் புரோகிராமை நம்பியிருக்கும் பேக்கேஜ்கள் அதோடு போய்விடலாம். அல்லது நாம் கேட்காத இன்னொரு மெயில் சர்வர் வந்து உட்காரலாம். புதியதை நிறுவச் சொன்னாலே பழையது அதே மூச்சில் விலகும். அதற்கு முன் ஆப்ட்-கெட்டை ‘எஸ்’ குறியோடு ஒத்திகை பாருங்கள். எவையெல்லாம் நீக்கப்படும் என்ற பட்டியலை ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். ரெட் ஹாட் வகை லினக்ஸ்களில் கதை வேறு: போஸ்ட்ஃபிக்ஸும் சென்ட்மெயிலும் சேர்ந்தே இருக்கலாம், எது முன்னால் நிற்பது என்பதை ‘ஆல்டர்நேடிவ்ஸ்’ கட்டளை தீர்மானிக்கும்.

எனக்கு அதிகம் வலித்தது வரிசையில் நின்ற கடிதங்கள்தான். வரிசையைக் காட்டும் ‘மெயில்க்யூ’ கட்டளையை அடித்தால், போஸ்ட்ஃபிக்ஸ் போன அன்று அனுப்பக் காத்திருந்த மெயில் ஒன்றுகூடக் காட்டவில்லை. காரணம், அந்தக் கட்டளையும் இப்போது சென்ட்மெயிலுடையது; அது தன் பையை மட்டுமே பார்க்கும். போஸ்ட்ஃபிக்ஸ் தன் வரிசையை வைத்திருக்கும் ஸ்பூல் அடைவுக்குள் போய்ப் பார்த்தபோது வாடிக்கையாளர்களுக்கான பில்கள் அங்கேயே கிடந்தன. போஸ்ட்ஃபிக்ஸ், அமைப்பை நாம் மாற்றாமல் விட்டால், 5 நாட்கள் வரை முயன்று பார்த்துவிட்டு மெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். இவற்றுக்கு அந்தக் கெடு எப்போதோ தாண்டியிருந்தது. அதனால் மாற்றும் முன் வரிசையைக் காலிசெய்யுங்கள். அதுவரை, முழுதாக நீக்கும் ‘பர்ஜ்’ பக்கமே போகாதீர்கள், அமைப்புக் கோப்புகளையும் அது துடைத்துவிடும். நல்லவேளையாக எங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் நீக்கப்பட்டிருந்ததே தவிர பர்ஜ் ஆகவில்லை. மறுபடி நிறுவியதும் பழைய அமைப்போடு எழுந்துகொண்டது.

இப்போது அந்த சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸை ஆப்ட்-மார்க் கட்டளையால் ‘ஹோல்டு’ செய்து, அதாவது மாறாதபடி பூட்டி, வைத்திருக்கிறேன். ‘ஒய்’ குறியோடு யாராவது வந்தாலும் ஆப்ட் அதைத் தொடாமல் நின்றுவிடும். புதிய பதிப்பு வரும்போது நானே ஹோல்டை எடுத்துவிட்டு அப்டேட் செய்கிறேன். பேக்கப் வெற்றியானாலும் காலை ஆறு மணிக்கு ஒரு வரி மெயில் வருகிறது, எனக்கும் அந்தத் தம்பிக்கும். ஆறேகாலுக்குள் வரவில்லையென்றால் அவர் எனக்குப் போன் செய்கிறார்.