ஹைட்ரோலேஸ்: நீராற்பகுப்பு நொதி

ஹைட்ரோலேஸ் என்பது ஒரு தனி நொதியின் பெயரல்ல, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். எச்சிலில் இருக்கும் அமைலேஸ், இரைப்பையில் வேலை செய்யும் பெப்சின், பால் சர்க்கரையைப் பிரிக்கும் லாக்டேஸ், கொழுப்பைப் பிரிக்கும் லைப்பேஸ் எல்லாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நீரைக் கொண்டு ஒரு மூலக்கூறின் பிணைப்பை அறுப்பதுதான் இவற்றின் பொது வேலை. நொதிகளை வகைப்படுத்தும் பன்னாட்டு முறையில் இவை மூன்றாம் வகுப்பு.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் மூன்று துண்டு. கிரேக்க மொழியில் 'ஹைடோர்' என்றால் நீர். 'லைசிஸ்' என்றால் அவிழ்த்தல், தளர்த்தல். கடைசியில் நிற்கும் 'ஏஸ்' தனிச்சொல்லே அல்ல, இன்னொரு பெயரின் வால். 1833-இல் பிரான்சில் பாயன், பெர்சோ என்ற இருவர் முளைகட்டிய பார்லியிலிருந்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு 'டயஸ்டேஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிரித்தல் என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பின்னாளில் பிரெஞ்சு அறிவியலாளர் எமில் டியூக்ளோ அதன் ஈற்றை மட்டும் எடுத்து, எல்லா நொதிகளின் பெயருக்கும் அதையே ஈறாக வைக்கலாம் என்றார். இப்படி மொத்த நொதி உலகத்துக்கும் வால் கொடுத்த அந்த டயஸ்டேஸும் ஒரு ஹைட்ரோலேஸ்தான்.

தமிழில் 'நொதி' என்பது நொதித்தலிலிருந்து வந்தது. இலங்கையில் 'நொதியம்' என்பார்கள். ஹைட்ராலிசிஸுக்கு நம் பாடநூல்களில் உள்ள சொல் 'நீராற்பகுப்பு'. சில நூல்களில் 'நீர்ப்பகுப்பு' என்றும் வரும். எனக்கு முதல் சொல்தான் பிடிக்கும், அதற்குக் காரணமும் உண்டு. நீர்ப்பகுப்பு என்று படிக்கிற மாணவர் நீரைப் பகுப்பது என்று எடுத்துக்கொள்ளலாம். நீர் + ஆல் + பகுப்பு என்று வேற்றுமை உருபு உள்ளே இருந்துவிட்டால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. மின்சாரத்தால் பகுப்பது மின்னாற்பகுப்பு, நீரால் பகுப்பது நீராற்பகுப்பு. ஆக, ஹைட்ரோலேஸ் = நீராற்பகுப்பு நொதி. அமைலேஸ், லைப்பேஸ் போன்ற தனிப்பெயர்களை அப்படியே ஒலிபெயர்த்து எழுதுவது நல்லது. ஒவ்வொன்றுக்கும் புதுப்பெயர் கட்டினால் படிப்பவர் தேடிப் பார்க்க வழியில்லாமல் போகும்.

சரி, நீர் எப்படி அறுக்கிறது? பிணைப்பு அறுபடும்போது நீர் மூலக்கூறும் இரண்டாகிறது. ஒரு ஹைட்ரஜன் ஒரு துண்டோடும், மீதியுள்ள ஓஎச் மறு துண்டோடும் ஒட்டிக்கொள்கின்றன. நொதி இல்லாவிட்டாலும் இது நடக்கும், ஆனால் நடக்கிற வேகம் நமக்கு உதவாது. புரதத்தில் அமினோ அமிலங்களை இணைக்கும் ஒரு பெப்டைடு பிணைப்பு வெறும் நீரில் தானாக அறுபட நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். சாப்பிட்ட பருப்பை நம் குடல் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது.

இந்த வேகம் நொதியின் வடிவத்தில் இருக்கிறது. முட்டை வெள்ளைக்கருவில் உள்ள லைசோசைமை எடுத்துக்கொள்வோம். கண்ணீரிலும் இந்த வகை நொதி உண்டு. இதை 1922-இல் உலகுக்குச் சொன்னவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். 1965-இல் லண்டனில் டேவிட் பிலிப்ஸ் குழுவினர் எக்ஸ் கதிர் கொண்டு இதன் முப்பரிமாண வடிவத்தைக் கண்டார்கள். எக்ஸ் கதிரால் வடிவம் தெரியவந்த முதல் நொதி இதுதான். 129 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி, மடிந்து மடிந்து நடுவில் ஒரு பள்ளம் விட்டிருக்கிறது. பாக்டீரியாவின் சுவரிலுள்ள சர்க்கரைச் சங்கிலி அந்தப் பள்ளத்தில் வந்து படிகிறது. 35-ஆவது இடத்தில் குளூட்டமிக் அமிலம், 52-ஆவது இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலம். சங்கிலியில் தூரத்தூர இருக்கும் இந்த இரண்டையும் மடிப்பு எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்துகிறது. முதலாவது ஒரு புரோட்டானைத் தந்து பிணைப்பைத் தளர்த்துகிறது, இரண்டாவது அறுபட்ட முனையைத் தாங்குகிறது, நீர் வந்து வேலையை முடிக்கிறது. முட்டையை வேகவைத்தால் மடிப்பு குலையும், பள்ளம் போகும், நொதியும் போகும்.

நொதி என்பதே புரதம்தான் என்று காட்டியதும் இந்தக் குடும்பம்தான். 1926-இல் ஜேம்ஸ் சம்னர் ஒரு வகை அவரை விதையிலிருந்து, யூரியாவைப் பிரிக்கும் யூரியேஸைப் படிகமாகப் பிரித்தெடுத்து அதை நிறுவினார், 1946-இல் நோபல் பரிசும் பெற்றார். கழுவாத கழிவறையில் மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை, சிறுநீரிலுள்ள யூரியாவில் பாக்டீரியாக்களின் யூரியேஸ் செய்யும் வேலை.

அரிசி ஆலைக்காரர்களுக்கு இந்தக் குடும்பத்தால் வரும் சங்கடம் தவிட்டில் இருக்கிறது. நெல்மணிக்குள் எண்ணெய் ஓர் அடுக்கிலும் லைப்பேஸ் வேறோர் அடுக்கிலும் இருக்கின்றன. மணி முழுதாக இருக்கும்வரை தொந்தரவில்லை. அரிசியைத் தீட்டியதும் இரண்டும் தவிட்டில் கலந்துவிடுகின்றன. தவிட்டில் உள்ள கொஞ்சம் ஈரமே போதும், சில மணி நேரத்திலேயே எண்ணெய் உடைந்து கொழுப்பமிலங்கள் சேரத் தொடங்கும். அப்புறம் சிக்கு வாடைதான். புழுங்கல் அரிசித் தவிட்டில் இந்தப் பாடு குறைவு, ஏனென்றால் நெல்லை அவிக்கும்போதே லைப்பேஸ் செத்துவிடுகிறது. பச்சரிசித் தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்க வேண்டுமென்றால் தீட்டிய கையோடு சூடேற்ற வேண்டும்.

வேண்டிய இடத்தில் இதே குணம் பெரிய உதவி. நெய்யும் முன் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியைத் துணியிலிருந்து எடுக்க அமைலேஸ். திருப்பூரில் 'பயோ வாஷ்' என்கிறார்களே, அது பருத்தி இழையின் செல்லுலோஸைப் பிரிக்கும் செல்லுலேஸ் கொண்டு பருத்தித் துணியின் மேலுள்ள பிசிறைக் களைவது. தோலிலிருந்து முடி நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும் போட்டு அந்தக் கழிவுநீரோடு மல்லாடுவதற்குப் பதில், புரதத்தைப் பிரிக்கும் புரோட்டியேஸ் நொதிகளைக் கொண்டு செய்யும் முறைகளில் சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நிறைய உழைத்திருக்கிறது. தோல் ஆலைகள் உள்ள பாலாற்றங்கரை ஊர்களின் நிலத்தடி நீரை நினைத்தால் இந்தப் பட்டியலில் எனக்கு இதுதான் முதலிடம்.

சலவைத் தூளிலும் புரோட்டியேஸ் சேர்ப்பதுண்டு. ரத்தக்கறை, பால் கறை போன்ற புரதக் கறைகளுக்கு அது நல்லது. ஆனால் பட்டும் கம்பளியும் புரதம்தான், நொதிக்குக் கறை எது, இழை எது என்று தெரியாது. உறையில் நொதி சேர்த்திருப்பதாகப் போட்டிருந்தால் பட்டுப்புடவையை அந்தத் தூளில் ஊறவைக்காதீர்கள்.