பொங்கல் மஞ்சளில் ஒரு மறைகடிதம்

கொட்டகலையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: பொங்கல் லீவில் பிள்ளைகளை உட்கார வைத்துச் செய்யக்கூடிய கைவேலை ஏதாவது இருக்கிறதா? பெரியவர்களுக்கு நன்றி சொல்லப் பழக்குவதாக இருக்க வேண்டும், காசு செலவாகக் கூடாது, மூத்தவன் எட்டாம் ஆண்டு என்பதால் கொஞ்சம் விஞ்ஞானமும் இருந்தால் நல்லது.

இருக்கிறது. பொங்கல் பானையின் கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், அது போதும்.

ஒரு கோப்பைத் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து, சில நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி அதில் தொட்டு, வெள்ளைத் தாளில் பிள்ளை எழுதட்டும். "நன்றி அப்பாயி" என்று மட்டும் எழுதினால் அது பொங்கல் வாழ்த்து அட்டை மாதிரி ஆகிவிடும். எதற்கு நன்றி என்று எழுத வேண்டும்: "அம்மா கொழுந்துக்குப் போன பிறகு எனக்குத் தலை சீவி விட்டதற்கு", "மழையில் றப்பர் சீட்டைப் போர்த்திப் பள்ளிக்கூடம் கூட்டிப் போனதற்கு". காய்ந்ததும் தாளில் ஒன்றும் தெரியாது. இப்போது அப்பாயியின் கையில் அந்தத் தாளையும், குறுக்கே நறுக்கிய பச்சை மஞ்சள் துண்டு ஒன்றையும் கொடுத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். தாள் மஞ்சளாகிக்கொண்டே வரும், எழுத்து இருக்கும் இடம் மட்டும் செங்கல் நிறத்தில் எழும்.

இது எப்படி நடக்கிறது?

மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற சேர்வையிலிருந்து வருகிறது. 1815இல் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். ஆனால் அதன் கட்டமைப்பு இன்னது என்று தெரிய 1910 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மூலக்கூறின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு வளையம். நடுவில் ஏழு காபன் அணுக்கள் பாலமாக நிற்கின்றன. ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருவதால், சில இலத்திரன்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லாமல் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பரவிக் கிடக்கின்றன. நிறத்துக்குக் காரணம் இந்தப் பரவல்தான். பரந்து கிடக்கும் இலத்திரன்களை அடுத்த சக்தி மட்டத்துக்கு ஏற்ற எவ்வளவு சக்தி வேண்டுமோ, அந்த அளவு சக்தியுள்ள ஒளியை மூலக்கூறு விழுங்குகிறது. குர்குமின் விழுங்குவது 425 நனோமீற்றர் பக்கத்தில் உள்ள ஊதா, நீல ஒளி. வெள்ளை ஒளியிலிருந்து அது போய்விட்டால் கண்ணுக்கு வந்து சேர்வது மஞ்சள்.

சரி, சோடா என்ன செய்கிறது? குர்குமினின் வளையங்களில் ஒட்சிசனோடு ஒட்டிய ஐதரசன் இருக்கிறது. பாலத்தின் நடுவிலும் அப்படி ஒன்று உண்டு. காரம், அதாவது சோடா போல அமிலத்துக்கு எதிரான பொருள், பட்டதும் இந்த ஐதரசன் வெறும் கருவாக, புரோத்தனாகக் கழன்று போகிறது, அதன் இலத்திரன் மட்டும் ஒட்சிசனிடமே தங்கிவிடுகிறது. தங்கியது சும்மா இருக்காது, ஏற்கெனவே பரவிக் கிடக்கும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது. இப்போது மூலக்கூறின் இலத்திரன்களை அசைக்க முன்பு போல அவ்வளவு சக்தி தேவையில்லை. தப்பு மேளம் அடிக்கிறவர்களுக்கு இது உடனே புரியும்: நெருப்பில் காய்ச்சித் தோல் இறுகினால் ஓசை ஏறும், பனி பட்டுத் தளர்ந்தால் இறங்கும். காரம் பட்ட குர்குமின் தளர்ந்துபோன தப்பு. முன்பு ஊதாவை விழுங்கியது, இப்போது சக்தி குறைந்த பச்சைப் பக்கமாக இறங்கி அதிலும் ஒரு பங்கை விழுங்குகிறது. நீலமும் பச்சையும் குறைந்தால் மிஞ்சுவது சிவப்பு. ஓர் அணு கூடப் புதிதாகச் சேரவில்லை. மிகச் சிறிய ஐதரசன் கரு ஒன்று விலகியதற்கே இவ்வளவு மாற்றம். எனக்கு இதில் இன்னும் அலுப்புத் தட்டவில்லை.

விலகியதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியும். சிவந்த எழுத்தில் ஒரு சொட்டுத் தேசிக்காய்ச் சாறு விட்டால், அமிலத்திலிருந்து புரோத்தன் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும், எழுத்து சட்டென்று மஞ்சளுக்குள் மறைந்துவிடும். எட்டாம் ஆண்டுப் பையனை இந்த இடத்தில் சிறிது நேரம் விளையாட விடுங்கள். பாடசாலையில் பாசிச்சாயத் தாளைக் காட்டிச் சொல்லிக் கொடுக்கும் "காட்டி" இதுதான். பாசிச்சாயம் அமிலத்தையும் காட்டும், மஞ்சள் காட்டாது. அமிலம், காரம் எவ்வளவு என்று சொல்லும் பிஎச் அளவு ஏழரை வரை மஞ்சளாகவே இருந்துவிட்டு, அதற்கு மேல்தான் சிவக்கத் தொடங்கும்.

கொதிக்க வைக்கச் சொன்னதும் அதனால்தான். அப்பச்சோடா என்பது சோடியம் இருகாபனேற்று, மென்மையான காரம். அதன் பிஎச் எட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். எழுதினால் நிறம் அரைகுறையாக வரும். கொதிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேறி அது சலவைச் சோடாவாக மாறுகிறது, அதன் காரத்தன்மை நன்றாகக் கூடிவிடும். வெற்றிலைத் தட்டில் இருக்கும் சுண்ணாம்பு இன்னும் பலமான காரம், நிறமும் இன்னும் ஆழமாக வரும். ஆனால் அது கண்ணில் பட்டால் ஆபத்து, சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். மறைகடிதத்துக்கு அது சரியும் வராது. காற்றில் உள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து கல்சியம் காபனேற்றாகித் தாளிலேயே செத்துவிடும், ஆறப் போட்டுத் தேய்த்தால் நிறம் சரியாக வராது.

இன்னும் துல்லியமான எழுத்து வேண்டுமென்றால் மஞ்சள் தூளை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் தெளிவைப் பஞ்சால் தடவுங்கள். குர்குமின் தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம், அற்ககோலில் நன்றாகக் கரையும். சோடாவோ அற்ககோலில் எளிதில் கரையாது. ஆகவே நிறம் தாளில் இறங்கும், எழுத்து கசியாமல் நிற்கும். பொங்கல் அடுப்புப் பக்கம் மட்டும் இந்தப் போத்தலைக் கொண்டு போகாதீர்கள்.

ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பைச் சேர்த்துச் சிவக்க வைப்பதும் இதே வேலைதான். ஆரத்தி எடுப்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை, பார்க்க அழகான வழக்கம். ஆனால் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த அதே சிவப்பைக் காட்டி, "பார், செய்வினை இரத்தமாக வெளியேறுகிறது" என்று தோட்டத்துச் சனத்திடம் காசு கறக்கிறவர்களை நினைத்தால் எரிச்சல் வருகிறது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் விஞ்ஞானம் கற்பித்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்றில்லாமல் ஓர் அற்புதத்தைச் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் சாகும்வரை ஒருவரும் அந்தப் பணத்தை வெல்லவில்லை. ஒரு பிள்ளை தன் கையாலேயே மஞ்சளைச் சிவக்க வைத்துப் பழகிவிட்டால், நாளைக்கு அதனிடம் இந்த வித்தை செல்லாது.

நன்றிக்கு வருவோம். நம் வீடுகளில் அம்மாவுக்கோ அப்பாயிக்கோ முகத்துக்கு நேரே நன்றி சொல்வதில்லை, கூச்சம். இந்தக் கூச்சம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், சிலரை நன்றிக் கடிதம் எழுத வைத்து, அதைப் பெறுகிறவர் என்ன நினைப்பார் என்று ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு பெற்றவர்களிடமும் கேட்டார்கள். பெறுகிறவர் சங்கடப்படுவார் என்று எழுதியவர்கள் தேவைக்கு மேல் பயந்திருந்தார்கள், அவர் அடையப்போகும் மகிழ்ச்சியைக் குறைத்து எடை போட்டிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள். பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மறைகடிதம் கூச்சப்படும் பிள்ளைக்கு வசதியானது. நேரில் சொல்ல வேண்டியதில்லை, தாளை நீட்டினால் போதும், மீதியை அப்பாயியின் கை பார்த்துக்கொள்ளும். "போய் நன்றி சொல்லு" என்று முதுகில் கைவைத்துத் தள்ளுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். தேயிலைக்கென்று 1925இல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. அது தேவைதான். ஆனால் அந்தத் தேயிலையைப் பறிக்கிறவர்களின் பிள்ளைகள் படிக்கும் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இன்னும் இல்லை. செடிக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கை ஆய்வுகூட மேசைக்கும் சோதனைக் குழாய்க்கும் ஒதுக்கினால் யாருக்கு நட்டம்? அதுவரை குசினிதான் நம் ஆய்வுகூடம்.

கடைசியாக, பத்திரப்படுத்துவது பற்றி. மஞ்சள் தேய்த்த கடிதத்தைச் சுவரில் மாட்ட வேண்டாம். குர்குமின் வெளிச்சத்தில் உடையும், காரத்தில் இன்னும் வேகமாக உடையும். ஆகவே சிவப்பு எழுத்து மங்கத்தான் செய்யும், புத்தகத்துக்குள் வைத்தால் கொஞ்ச நாள் கூடத் தாங்கும். தேய்க்காத கடிதத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை, சோடா தாளில் அப்படியே இருக்கும். அதனால் பொங்கலுக்கு வர முடியாமல் கொழும்பில் கடையில் நிற்கும் அப்பாவுக்கும் இதைத் தபாலில் அனுப்பலாம். ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளைத் தாளில் மடித்துக் கூடவே வைத்து, "கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பஞ்சால் ஒற்றவும்" என்று உறையின் உள்பக்கம் பென்சிலால் எழுதிவிடுங்கள்.