சர்ட்டன்: சலித்தெடுத்த சொல்

சேலத்தில் ஆத்தூர் சாலையில் எனக்குத் தெரிந்த ஒரு சேகோ பேக்டரி, அதாவது ஜவ்வரிசி ஆலை, இருக்கிறது. இங்கிலீஷில் கடிதம் வந்தால் தமிழில் எழுதித் தரச் சொல்லி என்னைக் கூப்பிடுவார்கள். போன மாதம் மகாராஷ்டிரத்து வியாபாரி ஒருவர் எழுதியிருந்தார். பாக்கிப் பணம் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேருமாம், அதில் ‘வீ ஆர் சர்ட்டன்’ என்று. அவசரத்தில் நான் இப்படி எழுதிக் கொடுத்தேன்: “பணம் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேரும் என்பதில் நாங்கள் நிச்சயமாக இருக்கிறோம்.”

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். “நிச்சயமா இருக்கறோம்னா? யாருக்குங்க நிச்சயம், பையனுக்கா பொண்ணுக்கா?”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. நிச்சயம் என்றால் சேலத்தில் முதலில் நினைவுக்கு வருவது வெற்றிலை பாக்கு மாற்றுவதுதான். அன்று பேக்டரியில் கிழங்குப் பாலைத் தெளியவிடும் தொட்டிக்கட்டு ஓரம் நின்றபடியே சர்ட்டன் என்ற சொல்லை யோசிக்க ஆரம்பித்தேன். யோசிக்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்பது பிறகுதான் புரிந்தது.

சர்ட்டன் பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குப் போன லத்தீன் சொல். மூலம் ‘கெர்ட்டுஸ்’. அது ‘கெர்னெரே’ என்ற வினையிலிருந்து வந்தது. கெர்னெரே என்றால் சலித்தல், பிரித்தெடுத்தல், அப்புறம் தீர்மானித்தல். லத்தீனில் சல்லடைக்குப் பெயரான ‘க்ரீப்ரும்’ கூட இதே வேரில் பிறந்ததுதான். அதாவது சலித்து, கப்பியைத் தள்ளி, மிஞ்சி நிற்பது எதுவோ அதுதான் சர்ட்டன். செர்ட்டிஃபிகேட்டும் இந்தக் குடும்பம்தான்.

சேகோ பேக்டரிக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். குச்சிக்கிழங்கைத் தோல் சீவி, கழுவி, அரைத்து, தண்ணீர் விட்டுச் சலிக்கிறார்கள். திப்பி சல்லடையில் தங்கிவிடும், பால் கீழே இறங்கும். அந்தப் பாலைத் தொட்டியில் மணிக்கணக்கில் அசைக்காமல் விடுவார்கள். மாவு அடியில் கெட்டியாகப் படியும், மேலே நீர் தெளியும். தெளிந்த நீரை வடித்துவிட்டு மாவை வெட்டி எடுத்து, குருணையாக உருட்டி, மறுபடி சலித்து, வறுத்து, காயப்போட்டால் ஜவ்வரிசி.

லத்தீன்காரன் நிச்சயத்தைச் சல்லடையில் பார்த்தான். தமிழன் அதைத் தொட்டியில் பார்த்திருக்கிறான். கலங்கினது தெளிந்தால் தெளிவு. ‘தேறு’ என்பதற்கும் தெளிதல் என்ற பொருள் உண்டு. கலங்கிய நீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் உரைப்பார்கள். தேற்றுவதால்தான் அதற்கு அந்தப் பெயர். ஐயம் தெளிந்த நிலைக்குப் பெயர் தேற்றம். குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. அதன் கடைசிக் குறள்: “தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.” ஆராயாமல் ஒருவனை நம்புவதும், நம்பிவிட்ட பிறகு அவன்மேல் சந்தேகப்படுவதும் தீராத தொல்லை. தேர்தலில், அதாவது ஆராய்ந்து பிரிப்பதில், சல்லடை இருக்கிறது, தெளிதலில் தொட்டி இருக்கிறது. இரண்டும் ஒரே அடியில்.

ஆக, சர்ட்டன் என்பதன் பெயர்ச்சொல்லான ‘சர்ட்டன்டி’க்குச் சரியான தமிழ் தேற்றம் என்றுதான் சொல்வேன். தெளிவு என்றும் சொல்லலாம், ஆனால் இன்றைக்கு அது விளக்கம் என்ற பக்கம் சாய்ந்துவிட்டது. உறுதி? அது ‘கன்ஃபார்ம்’ என்பதற்கு நன்றாகப் பொருந்தும். அதிலிருக்கும் ‘ஃபிர்முஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்குத் திடமானது என்று பொருள். ஜங்ஷனில் டிக்கெட் கன்ஃபார்ம் ஆனதா என்று கேட்கிறோமே, உறுதியானதா என்றால் அப்படியே அதுதான். ஆனால் ‘நான் உறுதியாக இருக்கிறேன்’ என்றால் மனத்திடம், பிடிவாதம் என்று ஆகிவிடும், ஐயமில்லை என்று ஆகாது. பரீட்சைத் தாள்களில் இந்த மொழிபெயர்ப்பு அடிக்கடி கண்ணில் படுகிறது, பார்க்கும்போதெல்லாம் பல் கூசுகிறது.

ஷ்யூர் என்பதன் கதை வேறு. ‘செகூருஸ்’, அதாவது கவலை இல்லாதது. கொலுசு வாங்கப் போனால் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர் “கவலையே படாதீங்க, கறுக்காது” என்கிறாரே, ஷ்யூரின் மூலப்பொருள் அதேதான். ‘உதவி பண்ணுவீங்களா’ என்று கேட்டதற்கு ஒருவர் ‘ஷ்யூர்’ என்று பதில் சொன்னால் மட்டும் தமிழில் ‘சரி’ போதும். டெஃபனிட்லியில் இருப்பது எல்லை, ‘ஃபீனிஸ்’. நம் வரையறையும் அதே யோசனைதான். கேரண்டியும் வாரண்டியும் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்புகள், பிரெஞ்சின் இரண்டு வட்டார வழக்குகளிலிருந்து தனித்தனியாக வந்தவை.

சர்ட்டனுக்கு ஒரு வேடிக்கையான மறுபக்கமும் உண்டு. ‘சர்ட்டன் பீப்பிள்’ என்றால் நிச்சயமான ஆட்கள் இல்லை, ‘சில பேர்’. யார் என்று சொல்ல மாட்டேன் என்பதுதான் அதில் தொனி. நிச்சயத்துக்கென்று பிறந்த சொல் இப்படி மூடி மறைக்கப் பயன்படுகிறது.

சரி, அந்தக் கடித வாக்கியத்தை எப்படி எழுதுவது? பெயர்ச்சொல் தெரிந்தும் வாக்கியம் அமையவில்லை. ஏனென்றால் தமிழில் நிச்சயம் பெரும்பாலும் தனிச்சொல்லில் உட்காருவதில்லை, வினையின் வாலில் உட்காருகிறது. தொல்காப்பியம் இடையியலில் “தேற்றம் வினாவே பிரிநிலை எண்ணே ஈற்றசை இவ்வைந்து ஏகாரம்மே” என்கிறது. ஏகாரத்தின் ஐந்து வேலைகளில் முதலில் சொன்னதே தேற்றம்! ‘உண்டே மறுமை’ என்று உரையாசிரியர்கள் உதாரணம் காட்டுவார்கள். இங்கிலீஷில் ஒரு முழுச் சொல் செய்யும் வேலையை இங்கே ஒற்றை எழுத்து முடித்துவிடுகிறது.

காலமும் அதே வேலையைச் செய்யும். ஏற்காட்டில் ஒரு தடவை பாட்டி ஒருத்தியின் டீக்கடையில் நின்றிருந்தேன். சேர்வராயன் மலைப் பக்கமிருந்து மூட்டம் இறங்கியது. பாட்டி பலகைமேல் இருந்த பன் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டே, “மழ வந்திருச்சு, உள்ள வா கண்ணு” என்றாள். ஒரு சொட்டு விழவில்லை. நான் கையை நீட்டிப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். டம்ளர் காலியாவதற்குள் தகரத்தின்மேல் சடசடவென்று பிடித்துக்கொண்டது.

பாட்டி பேசியது நன்னூல் தமிழ். “விரைவினும் மிகவினும் தெளிவினும் இயல்பினும்” காலம் மாறி வரலாம் என்கிறார் பவணந்தி. தெளிவுக்கு உதாரணமாகச் சொல்லப்படுவது: ‘எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை பெய்தது.’ பெய்யும் என்று சொல்லவில்லை, பெய்தது. இனி நடக்கப்போவதை நடந்ததாகச் சொல்வதுதான் தமிழில் நிச்சயத்தின் உச்சம். அதற்கு அடுத்த படி ‘பெய்துவிடும்’. வெறும் ‘பெய்யும்’ அதற்கும் கீழே.

கண்டிப்பா என்பதை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். கண்டித்தலுக்கு வெட்டுதல் என்றும் ஒரு பொருள் உண்டு. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று சொல்வதுதான் கண்டிப்பு. ‘கண்டிப்பா வரணும்’ என்றால் கட்டளை, ‘கண்டிப்பா வருவான்’ என்றால் நம்பிக்கை. இங்கிலீஷ் ‘மஸ்ட்’டுக்கும் இதே இரட்டை முகம்தான். ‘ஹீ மஸ்ட் பீ அட் ஹோம்’ என்பதை ‘அவன் வீட்டில் இருக்க வேண்டும்’ என்று எழுதினால் அவனை வீட்டில் அடைத்த மாதிரி ஆகிவிடும். ‘இந்நேரம் வீட்டில்தான் இருப்பான்’ என்று ஒரு ‘தான்’ போட்டால் வேலை முடிந்தது. இன்னொன்று, ‘கண்டிப்பா வருவான்’ என்று அழுத்திச் சொல்லும்போதே லேசான சந்தேகம் எட்டிப் பார்க்கிறது. தெரிந்தவன் ‘வருவான்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவான். ‘ஐ ஆம் ஷ்யூர்’ என்பதிலும் அந்த வாடை உண்டு.

கடிதத்தை முதலாளியே திருத்தினார். “வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் வந்து சேர்ந்துடும்னு எழுதுங்க. அவ்வளவுதானே சொல்றான்?” எழுதினேன்.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பக்கம் போனபோது கணக்குப்பிள்ளையிடம், “பணம் வந்துருச்சுங்களா?” என்று கேட்டேன். நோட்டிலிருந்து தலையை எடுக்காமல், “வரும்ங்க” என்றார்.